சேர் பொன்னம்பலம் அருணாசலமும் மேல் மாகாண ஆசனமும்

இலங்கைச் சரித்திரத்தைப் பரீட்சைக்காகக் கற்கும் எம் மாணவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களைப் பற்றி இரண்டு வரிகளை மனனஞ் செய்து வைத்திருப்பர். 1919ஆம் ஆண்டு தோன்றிய இலங்கைத் தேசிய காங்கிரசுக்கு அவர் முதலாவது அக்கிராசனராயினார் என்பது ஒரு வரி. 1921ஆம் ஆண்டு அவர் அதனின்றும் விலகினார் என்பது மறு வரி. தாமே கட்டியதொன்றை இத்துணை விரைவில் அவர் துறந்தது ஏன் என்று வகுப்பிலே வினவினால், மேல் மாகாணத் தமிழருக்கு ஓர் ஆசனம் கொடுபடவில்லை என்று விடை வரும். விடை பிழையன்று. ஆயின், ஓர் ஆசனத்துக்காக ஒரு தேசிய இயக்கத்தையே ஒருவர் கைவிடுவாரா என்று அடுத்த வினாவை எழுப்பினால் வகுப்பு மௌனமாகிவிடுகின்றது. அவ்விரண்டாவது வினாவையே ஈண்டு நாம் ஆராயப் புகுகின்றோம்.

அருணாசலத்தின் தமையனார் சேர் பொன்னம்பலம் இராமநாதனை யாழ்ப்பாணத்தவர் நன்கு அறிவர். மருதனார்மடத்திலே 1913இல் அவர் நிறுவிய மகளிர் கல்லூரியும், திருநெல்வேலியிலே 1921இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியும் அவர் பெயரைத் தலைமுறை தலைமுறையாக நினைப்பூட்டி வந்துள்ளன. பின்னையதன் வளவிலேயே 1974இல் சர்வகலாசாலையின் யாழ்ப்பாண வளாகம் எழுந்தது. தம்பியாருக்கு எம்மூரில் அத்தகைய கட்டடம் ஒன்றுமில்லை. அவர் கட்டியவை பெரும்பாலும் சங்கங்கள். சங்கம் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பப்படுவதன்று. ஒருவர்மேலொருவர் வைத்த நம்பிக்கை போனவிடத்து அதன் அத்திவாரமும் உடன் போய்விடும்.

அருணாசலம் 1853ஆம் ஆண்டு செத்தெம்பர் 14ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் முதலியார் பொன்னம்பலம். தாய்வழிப் பாட்டனாரும், தாய்மாமனாராகிய சேர் முத்துக்குமாரசுவாமியும், தமையனார் இராமநாதனும் ஒருவர்பின் ஒருவராகச் சட்டநிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதிகளாக வீற்றிருந்தவர்கள். பிற்காலத்தில் றோயல் கல்லூரியெனப் பெயர் பெற்ற கொழும்பு அக்கடமியிலே பயின்று, 1870இல் இங்கிலாந்து சென்று கற்றற்குரிய புலமைப் பரிசிலைப் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கிறைஸ்ற் கல்லூரியிற் சேர்ந்தார். பரிஸ்டர் பட்டமும் பெற்றார். 1875இல் இலங்கைச் சிவில் சேவைக்குரிய போட்டிப் பரீட்சையிலே சித்தியெய்தினார். திறந்த போட்டியிலே ஆங்கில இளைஞருடன் சரிசமமாக எழுதி அச்சேவையுள் நுழைந்த முதல் இலங்கையர் அவரே.

உட்புகுந்தபின் நிகழ்ந்தது வேறு கதை. மாகாணங்களை ஆளும் ஏசண்டர் பதவிகள் அக்காலத்தில் ஆங்கிலேயருக்கே உரியவைபோல வைக்கப்பட்டிருந்தன. அருணாசலம் நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் ஊரூராகக் கடமையாற்றினார். 1887இல் தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன், தரத்தில் மூத்தவர் பலரைக் கடந்து அவரைப் பதிவாளர் நாயகமாக நியமித்தபொழுது சேவையினுள் முணுமுணுப்பு எழுந்தது. காணிப் பதிவும், பிறப்பு இறப்பு விவாகப் பதிவும் ஒழுங்கற்றுக் கிடந்த ஒரு திணைக்களத்தை அவர் சீர்படுத்திய பின்னர் அம்முணுமுணுப்புத் தானே அடங்கியது. 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடாத்தியவரும் அவரே. முப்பத்தைந்து இலட்சத்து அறுபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட சனத்தொகையை எண்ணி முடித்து, அதன்மேல் அவர் எழுதிய அறிக்கை வெறும் இலக்கங்களின் கோவையன்று. இத்தீவின் இனங்கள், சமயங்கள், வழக்கங்கள், மொழிகள் என்பனவற்றைப் பற்றிய ஒரு நூலாகவே அது கொள்ளப்படுகின்றது. இதனை விதந்து கூறுதற்கு ஒரு காரணமுண்டு. இலங்கையரெல்லாரும் ஒன்று என்று பிற்காலத்தில் அவர் பேசியபொழுது, இங்கு எத்தனை வகையினர் உளர் என்பதை அறியாத ஒருவராக அவர் பேசவில்லை. எண்ணிப் பார்த்தவராகவே பேசினார்.

உத்தியோக வாழ்க்கையின் எஞ்சிய பகுதியை விரைந்து கூறிவிடலாம். 1906இல் சட்டநிரூபண சபையிலே உத்தியோக அங்கத்தவரானார், 1912இல் நிருவாக சபையிலும் இடம்பெற்றார், 1913இல் இளைப்பாறினார். இதற்கிடையில் 1906இல் இலங்கைச் சர்வகலாசாலைச் சங்கத்தைத் தோற்றுவித்து, இந்நாட்டுக்கென ஒரு சர்வகலாசாலை வேண்டும் என்ற கிளர்ச்சியைத் தொடங்கினார். 1921இல் கொழும்பிலே சர்வகலாசாலைக் கல்லூரி திறக்கப்பட்டதும், 1942இல் அது இலங்கைச் சர்வகலாசாலையாக வளர்ந்ததும் அக்கிளர்ச்சியின் பயனாகும். பேராதனையிலே மாணவர் விடுதியொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. திருவாசகத்தையும் தாயுமானவர் பாடல்களையும் ஆங்கிலத்திற் பெயர்த்தமை பற்றி எழுத எமக்கு மிக ஆசை. தமிழாசிரியருக்கு அது இயல்பும்கூட. ஆயினும் அதற்கு இன்னொரு மலர் வேண்டும்.

இளைப்பாறியவர் ஓய்ந்திருக்கவில்லை. 1915இல் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தை நிறுவிக் கொழும்பு நகரத்து ஏழைகளின் சேரிகளுக்குள் படித்தவர்களை அழைத்துச் சென்றார். 1919இல் பெரி. சுந்தரம் அவர்களைத் துணைகொண்டு தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளி ஒருவன் வேலை ஒப்பந்தத்தை மீறினால் அவனைச் சிறைக்கு அனுப்பலாம் என்ற சட்டம் அந்நாளில் நடைமுறையில் இருந்தது. துண்டு முறை என்ற கொடுமையும் இருந்தது. கடன் தீர்த்ததற்குத் துரையிடமிருந்து துண்டு பெறாத தொழிலாளி வேறொரு தோட்டத்துக்குப் போதல் இயலாது. இவ்விரண்டினையும் எதிர்த்து முதன்முதல் முறையாகப் போராடிய இலங்கைத் தலைவர்களுள் அருணாசலம் முன்னிற்பவர். 1920களின் தொடக்கத்தில் இவை நீக்கப்பட்டன. அவரை ஓர் இனத்தின் தலைவர் என்று மட்டும் எழுதிச் செல்வோர், கொழும்புச் சேரிகளையும் மலைநாட்டு லயங்களையும் மறந்துவிடுகின்றனர்.

இனி அரசியலுக்கு வருவோம். ஆசனக் கதை விளங்குவதற்குச் சட்டநிரூபண சபையின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும். 1833இல் அச்சபை தோன்றியபொழுது உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர் அறுவர்: ஐரோப்பியர் மூவர், சிங்களவர் ஒருவர், தமிழர் ஒருவர், பறங்கியர் ஒருவர். 1889இல் கண்டிச் சிங்களவர் ஒருவரும் முஸ்லிம் ஒருவரும் சேர்க்கப்பட்டனர். அனைவரும் தேசாதிபதியின் நியமனம் பெற்றவர்களே. 1912இல் முதன்முறையாகத் தெரிவு வந்தது; ஆயினும் மிகச் சிறிதளவாகவே வந்தது. பதின்மருள் நால்வர் மட்டும் தெரிவு செய்யப்பட்டனர். ஐரோப்பியருக்கு இரண்டு, பறங்கியருக்கு ஒன்று, படித்த இலங்கையருக்கு ஒன்று. எஞ்சிய அறுவருள் கரையோரச் சிங்களவர் இருவர், தமிழர் இருவர், கண்டியர் ஒருவர், முஸ்லிம் ஒருவர். படித்த இலங்கையர் ஆசனத்துக்கு 1911இல் நிகழ்ந்த தேர்தலிலே இராமநாதன், சேர் மாக்கஸ் பெர்னாந்துவைத் தோற்கடித்தார். வாக்காளர் ஏறக்குறைய மூவாயிரவர். அவருட் பெரும்பாலார் சிங்களவர். அவர்கள் ஒரு தமிழரைத் தெரிவு செய்தனர். சாதிப் பிளவும் அதற்கு ஒரு காரணம் என ஆராய்ச்சியாளர் கூறுவர், அஃது உண்மையே. ஆயினும் அவ்வெற்றி தமிழ்த் தலைவர் பலர் உள்ளத்தில் ஓர் எண்ணத்தை விதைத்தது. இன எல்லைகளைக் கடந்து வாக்களித்தல் இந்நாட்டில் இயலும் என்பதே அவ்வெண்ணம்.

1915இல் நிகழ்ந்த கலவரமும், அதன்பின் பிறப்பிக்கப்பட்ட இராணுவச் சட்டமும் அவ்வெண்ணத்துக்கு நீர் வார்த்தன. சிங்களத் தலைவர் பலர் விசாரணையின்றிச் சிறையிடப்பட்டனர். அவர்களுக்காகச் சபையிலே குரலெழுப்பி, இங்கிலாந்து சென்று நியாயம் கேட்டவர் இராமநாதன். அவர் மீண்டு வந்தபொழுது குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவருடைய வண்டியைச் சிங்களப் பிரமுகர்களே இழுத்துச் சென்றனர் என்ற செய்தியை எம்முன்னோர் பெருமையுடன் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அத்தகைய காற்று வீசிய நாளிலேதான் அருணாசலம் தேசிய ஐக்கியத்துக்குக் கால்கொண்டார்.

1917ஆம் ஆண்டு ஏப்பிரல் 2ஆம் நாள் இலங்கைத் தேசிய சங்கத்தின் ஆதரவிலே எமது அரசியல் தேவைகள் என்ற பொருள்பற்றி அவர் ஓர் விரிவுரை நிகழ்த்தினார். முப்பத்தெட்டு ஆண்டு அரசாங்கத்தின் உள்ளறைகளில் இருந்தவர், அவ்வறைகளில் என்ன நடக்கின்றது என்பதை எடுத்துரைத்த உரை அது. சில வாரங்களுக்குள் இலங்கைச் சீர்திருத்தச் சங்கம் அவர் தலைமையிலே தோன்றியது. 1917ஆம் ஆண்டின் இறுதியிலும் 1918ஆம் ஆண்டின் இறுதியிலும் இரு சங்கங்களும் கூடி மகாநாடுகள் நடாத்தின. அவற்றின் கோரிக்கைச் சுருக்கம் இது: ஏறத்தாழ ஐம்பது அங்கத்தவர் கொண்ட சபை வேண்டும், ஐந்தில் நாற்பகுதியினர் மக்களாலே தெரிவு செய்யப்படல் வேண்டும், அத்தெரிவு இனவாரியாக அன்றி ஆள்புலவாரியாக நடைபெறல் வேண்டும்.

ஆள்புலவாரித் தெரிவு என்ற தொடரே முழுச் சிக்கலுக்கும் திறவுகோல். ஓர் ஊரில் வாழ்வோர் எவ்வினத்தவராயினும் ஒன்றுகூடி ஒரு பிரதிநிதியைத் தெரிவு செய்வது அது. கொள்கையளவில் இதனைப்போல அழகியது வேறில்லை. அருணாசலமும் அதனையே விரும்பினார். மக்களை இனக்கூறுகளாகப் பிரித்து ஒவ்வொரு கூற்றுக்கும் ஒருவரை நியமித்து ஆள்வது ஆங்கிலேயரின் தந்திரம் என்பது அவர் கருத்து. ஆயினும் கணக்கு வேறொன்றைச் சொல்லியது. நியமன முறையிலே கரையோரச் சிங்களவருக்கு இருவர், தமிழருக்கு இருவர் என்று சமமாக இருந்த நிலை, ஆள்புலவாரித் தெரிவு வந்த அன்றே மறைந்துவிடும். ஒன்பது மாகாணங்களுள் தமிழர் பெரும்பான்மையினராய் வாழ்வன இரண்டே. யாழ்ப்பாணச் சங்கத்தினர் இதனைக் கண்டு தயங்கினர். அச்சங்கத்தின் தலைவர் அ. சபாபதி, இந்து சாதனப் பத்திரிகையோடு நெடுங்காலத் தொடர்புடையவராதலின் சைவ வித்தியாசாலைகளிற் பயின்றோர் அப்பெயரை அறிந்திருப்பர். அவர்களைத் தவிர்த்து ஓர் இலங்கைத் தேசிய காங்கிரசை அமைத்தால் அதனைத் தேசிய என்ற அடைமொழியால் அழைத்தல் பொருந்தாது என்பதை அருணாசலம் உணர்ந்தார்.

இங்கேதான் கடிதம் வருகின்றது. 1918ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் ஜேம்ஸ் பீரிஸ், ஈ. ஜே. சமரவிக்கிரம என்னும் சிங்களத் தலைவர் இருவர் கையொப்பமிட்டு யாழ்ப்பாணச் சங்கத்துக்கு எழுத்திலே ஒரு வாக்குறுதி கொடுத்தனர். ஆள்புலவாரித் தெரிவு நிலைபெறும் வரையில் மேல் மாகாணத்திலே தமிழருக்கென ஓர் ஆசனம் ஒதுக்கப்படுவதைத் தாம் முயன்று ஆதரிப்போம் என்பது அதன் பொருள். அதனை நம்பலாம் என்று யாழ்ப்பாணத்தாரை இணங்குவித்தவர் அருணாசலம். இருவருடைய கையொப்பத்துக்கு மூன்றாமவர் சொல் பிணையாக நின்றது.

ஏன் மேல் மாகாணம்? பலரும் இதனை ஊன்றிப் பார்ப்பதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் தமிழர் தெரிவு செய்யப்படுவதற்கு எவருடைய வாக்குறுதியும் வேண்டியதில்லை. வாக்காளர் தொகையே அதனைச் செய்துவிடும். கொழும்பு நகரமோ அவ்வாறன்று. அங்கே தமிழர் தலைமுறைகளாக வாழ்ந்தனர், வழக்காடினர், வாணிகஞ் செய்தனர், கந்தோர்களிலே கடமையாற்றினர், கோயில் எடுத்தனர். ஆயினும் ஆள்புலவாரித் தெரிவில் அவர்கள் பெரும்பான்மையுள் மூழ்கிப்போவர். அவர்களுக்கு ஓர் ஆசனம் கொடுப்பதென்றால், தமிழர் வடக்கிலும் கிழக்கிலும் மட்டும் ஒதுங்கியிருக்க வேண்டியவரல்லர், தலைநகரும் அவர்களுடையதே என்று ஏனையோர் ஒப்புக்கொள்வது போலாகும். எம் கருத்தின்படி, பேரம் பேசப்பட்டது எண்ணிக்கையில் ஒன்று மட்டுமன்று. ஐம்பது ஆசனங்களுள் ஒன்று கூடினால் என்ன, குறைந்தால் என்ன? அவ்வொன்று ஓர் அடையாளம். அருணாசலமோ கொழும்பிலே பிறந்து கொழும்பிலே வாழ்ந்தவர். அவ்வாக்குறுதி அவரைப் போன்றவர்களைப் பற்றியதாகவே இருந்தது. பின்னாளில் அவர்மேற் பழி சுமத்தியவர்களுக்கு இதுவே வாய்ப்பாயிற்று.

யாழ்ப்பாணச் சங்கம் இணங்கியது. 1919ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் கொழும்புப் பொது மண்டபத்திலே இலங்கைத் தேசிய காங்கிரஸ் கூடியது. இத்தீவின் பல பகுதிகளிலிருந்தும் சங்கங்கள் பிரதிநிதிகளை அனுப்பின. அருணாசலம் அக்கிராசனராகத் தெரிவு செய்யப்பட்டார். அறுபத்தாறு வயது நிரம்பிய தமிழர் ஒருவரைச் சிங்களவர் பெரும்பான்மையினராயிருந்த ஒரு சபை தன் தலைவராக்கியது. இதனை நாம் சிறிதென்று கருதலாகாது. பின் நிகழ்ந்தவற்றை அறிந்த நாம் அந்நாளை ஐயக் கண்கொண்டு பார்த்தல் எளிது. அன்று மண்டபத்தில் இருந்தோர் அவ்வாறு பார்க்கவில்லை.

புதிய அரசியலமைப்பு 1920இல் வகுக்கப்பட்டது. 1921இல் தேர்தல் நடந்தது. முப்பத்தேழு அங்கத்தவருள் உத்தியோகப்பற்றற்றவர் இருபத்து மூவர். ஆள்புலவாரி ஆசனங்கள் பதினொன்று: மேல் மாகாணத்துக்கு மூன்று, ஏனைய எட்டு மாகாணங்களுக்கும் தலைக்கு ஒன்று. எனவே வடக்குக்கு ஒன்று, கிழக்குக்கு ஒன்று. மேல் மாகாணத் தமிழருக்கு ஒன்றுமில்லை. காங்கிரஸ் தலைவர்கள் அவ்வாசனத்துக்காக முன்னின்று வாதாடவில்லை. வாக்குறுதி எங்கே என்று வினவியபொழுது, அது கையொப்பமிட்ட இருவருடையது, பின்னர் தோன்றிய காங்கிரசைக் கட்டுப்படுத்தாது என்ற நியாயம் எழுந்தது.

இந்நியாயத்தைத் தமிழாசிரியர் என்ற வகையிலே சிறிது நோக்க விரும்புகின்றோம். கடிதம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதன் எழுவாய் தன்மைப் பன்மை. தன்மைப் பன்மைச் சொல், பேசுவோன் தன்னோடு யாரை உளப்படுத்துகின்றான் என்பதைத் தானே சொல்லாது. இடமும் சூழலும் நோக்கியே அது துணியப்படும். கையொப்பமிட்டோர் இருவர் என்பதால் அவ்விருவரே எழுவாய் என்று ஒரு சாரார் கொண்டனர். அவ்விருவர் தத்தம் தனிப்பட்ட நண்பருக்கு எழுதவில்லை. ஒரு பொதுச் சங்கத்துக்கு, ஓர் அரசியல் மகாநாட்டின் முன்னாள்களில், அம்மகாநாட்டிற் சேரும்படி வேண்டி எழுதினர். ஆதலின் அவர்கள் பின்னே நின்ற அனைவரும் அப்பன்மையுள் அடங்குவர் என்று மறுசாரார் கொண்டனர். நாம் இரண்டாவது உரையையே ஏற்கின்றோம். பெறுவோன் எவ்வாறு பொருள் கொள்வான் என்பதை அறிந்தே ஒருவர் வாக்களிக்கின்றார். அப்பொருளை நம்பி அவன் தன் பங்கைச் செய்து முடித்தபின் இலக்கணம் பேசுதல் முறையன்று.

எதிர்த்தரப்பாருக்கும் நியாயம் உண்டு என்பதை மறைத்தல் கூடாது. ஆள்புலவாரித் தெரிவை உயிர்க்கொள்கையாகக் கொண்ட ஒரு கட்சி, அதனுள்ளேயே ஓர் இனத்துக்கு ஆசனம் ஒதுக்குமாறு கேட்டால், கண்டியரும் முஸ்லிம்களும் பறங்கியரும் அவ்வாறே கேட்பார்களே, அப்பால் கொள்கை எங்கே நிற்கும் என்ற அச்சம் வெறும் சாக்கன்று. தேசாதிபதி சேர் வில்லியம் மானிங் அத்தகைய பிளவுகளை எதிர்பார்த்து, அவற்றை வளர்க்கும் நோக்குடன் இருந்தமையும் பொய்யன்று. ஆனால் இவ்வச்சம் 1918ஆம் ஆண்டு டிசம்பரிலும் இருந்திருத்தல் வேண்டும் அன்றோ? கையொப்பமிடும்பொழுது புலப்படாத கொள்கை, கைம்மாறு கேட்கும்பொழுது மட்டும் புலப்படுவானேன்?

இன்னொரு நிகழ்ச்சியும் உடன் சேர்ந்தது. அதுவே கதையைக் குழப்பியது. 1921ஆம் ஆண்டுத் தேர்தலிலே கொழும்பு நகர ஆசனத்துக்கு அருணாசலம் நிற்பார் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. காங்கிரஸ் முன்னணியினர் ஜேம்ஸ் பீரிசையே ஆதரித்தனர். பீரிசும் கேம்பிரிட்ஜிற் பயின்ற அறிஞரே, தகுதியிற் குறைந்தவரல்லர். அருணாசலம் போட்டியிடாது ஒதுங்கினார். இங்கு மாணவர் மயங்கும் இடம் ஒன்றுண்டு. கொழும்பு நகர ஆசனம் வேறு. மேல் மாகாணத் தமிழருக்கு வாக்களிக்கப்பட்ட ஆசனம் வேறு. முன்னையது எல்லாரும் போட்டியிடற்குரிய பொதுத்தொகுதி. பின்னையது உருப்பெறாத தனி ஏற்பாடு. இரண்டையும் ஒன்றாகக் கலந்து, தமக்கு ஆசனம் கிடையாத கோபத்தால் கிழவர் விலகினார் என்று கூறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் எழுதுகின்றனர். மனத்தாங்கல் அவருக்கு இருந்திருக்கும். மனிதர்தாமே. இரண்டாண்டுக்கு முன் தலைவராக்கியோர் இன்று ஒதுங்கச் சொன்னால் யாருக்குத்தான் நோகாது? ஆயினும் அம்மனத்தாங்கல் மட்டுமே காரணமெனில், வீட்டோடு இருந்து நூல் எழுதுதல் அவருக்கு மிக எளிது. பிணை நின்றவருக்கு அவ்வாறு வீட்டோடு இருத்தல் இயலாது. கடன் கொடுத்தவர்கள் யாழ்ப்பாணத்திலே காத்திருந்தனர்.

அவர்கள் நெடுநாட் காத்திருக்கவில்லை. 1921ஆம் ஆண்டு ஓகஸ்டில் யாழ்ப்பாணத்திலே தமிழர் மகாசன சபை தோன்றி, பிரதிநிதித்துவத்திற் பழைய விகிதாசாரம் பேணப்படல் வேண்டும் என்று கோரியது. அவ்வாண்டே அருணாசலம் காங்கிரசினின்றும் நீங்கினார். ஆங்கிலேயருக்கு எதிரே சிங்களவரும் தமிழரும் ஒரே வரிசையில் நின்ற காலம் அத்துடன் முடிந்தது. அடுத்து வந்த சீர்திருத்தங்களைப் பற்றிய மனுக்களிலே ஒவ்வோரினத்தவரும் தத்தம் பங்கைத் தனித்தனியே எழுதிக் குடியேற்ற நாட்டு மந்திரியிடம் அனுப்பலாயினர்.

1923இல் அருணாசலம் இலங்கைத் தமிழர் சங்கத்தை நிறுவினார். எழுபதாவது வயது அது. அங்கே அவர் ஆற்றிய உரையைப் பிற்காலத்தவர் பலர் தத்தம் கட்சிக்கு ஏற்பப் பொருள் கொண்டுள்ளனர். தமிழர் தம் மொழியையும் பண்பாட்டையும் பேணித் தம் காலில் நிற்றல் வேண்டும், பிறரை அடக்க எண்ணாதது போலவே பிறரால் அச்சுறுத்தப்படவும் இணங்கலாகாது என்பதே அவர் கருத்தின் சாரம். தொண்டை நோகும் வரை ஐக்கியம் பேசிய ஒருவர் முதுமையில் இவ்வாறு பேச நேர்ந்ததை, அவர் மாறிவிட்டார் என்பதற்குச் சான்றாகக் காட்டுவர். அவரை அறிந்த நாம் அதனை வேறுவிதமாகக் கொள்கின்றோம். ஐக்கியத்தை வாக்குறுதியின்மேற் கட்டலாம் என்று கருதியவர், அவ்வத்திவாரம் சரிந்ததைக் கண்டபின், முதலில் ஒவ்வொருவரும் தத்தம் நிலத்திலே உறுதியாக நிற்றல் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். எல்லாரும் ஒன்றாதல் வேண்டும் என்ற அவாவை அவர் கைவிட்டதாகக் கூறும் எழுத்தை அவரிடத்து நாம் கண்டிலோம்.

புதிய சங்கத்தை வளர்க்க அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. தென்னிந்தியத் திருத்தலங்களைத் தரிசிக்கச் சென்றவர் 1924ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள் மதுரையிலே சிவபதமடைந்தார். அவருக்குக் கொழும்பிலே எடுக்கப்பட்ட உருவச்சிலை 1930 முதல் பழைய பாராளுமன்றக் கட்டடத்தின் வளவில் நிற்கின்றது. காலி முகத்திடலுக்குச் செல்லும் எம் மாணவர் அதனைக் கண்டு வரலாம்.

அவர் மறைந்த அதே 1924ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட அரசியலமைப்பின்படி அடுத்த தேர்தல் நடந்தது. ஆள்புலவாரி ஆசனங்கள் இருபத்து மூன்று. அவற்றுக்குப் புறம்பாக இனவாரி ஆசனங்கள் பதினொன்று: ஐரோப்பியருக்கு மூன்று, முஸ்லிம்களுக்கு மூன்று, பறங்கியருக்கு இரண்டு, இந்தியருக்கு இரண்டு. பதினோராவது ஆசனம் மேல் மாகாணத்து இலங்கைத் தமிழருக்கு. காங்கிரசின் வாக்குறுதியாக அன்றி ஆங்கிலேயரின் கொடையாக அது வந்தது. அத்தொகுதியிலே வாக்களித்தவர்கள் தமிழர் மட்டுமே.